நடைக்காசுக்கு விலை சொன்ன கதை

ஒரு குழந்தை நடந்துவிட்டது என்பதை எந்த அடியில் முடிவு செய்வது? முதல் அடி வைத்ததுமா, விழாமல் சில அடிகள் வைத்த பிறகா? குடத்தைப் பிடித்துக்கொண்டு வைத்த அடி சேருமா? குடத்தை விட்டுவிட்டு, விட்டது தனக்கே தெரியாமல் வைத்த அடி? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் தெரியவில்லை. பழங்காசுகளுக்கும் பழைய நோட்டுகளுக்கும் மதிப்புச் சொல்வதைத் தொழிலாகச் செய்தவளுக்கு இந்தக் கவலை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். கட்டுரை முடிவதற்குள் புரியும்படி எழுதிவிடுவேன் என்று நம்புகிறேன். புரியாவிட்டால் தவறு என்னுடையது.

நான் ஓய்வு பெற்றவள். தலை நரைக்கவில்லை, ஓய்வூதியம் கிடையாது, முப்பது வயதும் ஆகவில்லை. மகள் பிறந்தாள், வேலையை விட்டேன், அவ்வளவுதான். ஆனாலும் சென்னைக் கடையில் எனக்குப் பின்னால் சேர்ந்த பெண்கள் போன் செய்து, "அக்கா, உங்க அனுபவத்தை எழுதுங்க" என்று கேட்கும்போது பெரிய மனுஷி போல ஒரு கர்வம் வரத்தான் செய்கிறது. இப்போது கைப்பேசியில் காசைப் படம் பிடித்தால் விலை சொல்லும் செயலி வந்திருக்கிறதாம். வருகிறவர்கள் அதில் பார்த்துவிட்டு வந்து சண்டை போடுகிறார்களாம். "அதுக்குத் தெரியாதது ஏதாவது நமக்குத் தெரியுமா அக்கா?" என்று ஒருத்தி பாவமாகக் கேட்டாள். உடனே அந்தச் செயலியை இறக்கி, என் மகளின் இடுப்பில் கட்டியிருந்த காசுக்கு நேராகப் பிடித்தேன். "காசு தெளிவாக இல்லை. அசையாமல் வைத்து மீண்டும் முயலவும்" என்றது. அசையாமல் வைப்பதாவது! அன்று முழுவதும் நினைத்து நினைத்துச் சிரித்தேன். ஏனென்றால், எங்கள் கடையிலும் இதே சிக்கல்தான் ஒருமுறை வந்தது.

பிறந்தது பழவேற்காடு கடைத்தெரு. வாழ்க்கைப்பட்டது ஏரிக்குள், பசியாவரத்துக்கு அடுத்த ஒரு சின்னத் திட்டு; படகில்தான் போய்வர வேண்டும். எங்கள் பக்கத்தில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டினார்கள், காசு அடித்தார்கள், தங்களுக்குக் கல்லறையும் கட்டிக்கொண்டார்கள். கோட்டை போய்விட்டது, கல்லறை நிற்கிறது, காசுகள் சேற்றில் கிடக்கின்றன. பெரிய மழைக்குப் பிறகு முகத்துவாரத்தில் மணல் புரண்டால் ஒன்றிரண்டு செப்புக்காசு வெளியே வரும். இறாலைக் கையால் தடவிப் பிடிப்பவர்களின் விரலிலும் தட்டும். எங்கள் தெருவில் சின்ன வயதில் பாண்டி ஆடும்போது சில்லாக நாங்கள் எறிந்ததே டச்சுக் காசுதான். அதனால் பொன்னேரியில் வரலாறு படித்து முடித்து, பாரிமுனைப் பக்கம் ஒரு சந்தில், மாடியில் இருந்த பழங்காசுக் கடையில் வேலை கேட்டுப் போனபோது எனக்குப் பயமே இருக்கவில்லை. நம்ப மாட்டீர்கள், என் வாழ்க்கையில் பயமில்லாமல் செய்த ஒரே காரியம் அதுதான்.

முதல் நாளே காசைத் தொட விட்டார்கள். கை கழுவக் கற்றுக்கொள்ளத்தான் பல மாதம் ஆயிற்று. கழுவி, துடைத்து, காற்றில் காயவைத்து, பிறகு காசை விளிம்பில் மட்டும் பிடிக்க வேண்டும். முகத்தில் விரல் படக்கூடாது. மீன் வாசனையுள்ள ஊரிலிருந்து வருகிறவள் என்பதால் நான் இரண்டு தடவை சோப்புப் போட்டேன். போதுமா என்ற சந்தேகத்தில் மூன்றாவதும்.

கடை மெஹர் மேடத்துடையது. நாற்பது வயதிருக்கும். ஏலக்காயை வாயில் ஒதுக்கிக்கொண்டேதான் பேசுவார். யாராவது காசை நீட்டினால் காசைப் பார்க்க மாட்டார். எதில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று பார்ப்பார். பிறகு, "எங்கே கிடைச்சது? யார் கையிலேர்ந்து யார் கைக்கு வந்தது?" என்று கேட்டு, பதிலைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அதன் பிறகுதான் ஜன்னலோரம். குழல்விளக்கு வெளிச்சத்தில் காசைப் பார்க்கவே கூடாது, வானத்து வெளிச்சம் வேண்டும். முதலில் விளிம்பு, பிறகு பின்பக்கம், கடைசியில் முகம். அதன்பின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் சின்னத் தராசு. எல்லாம் முடிந்த பிறகு பென்சிலால் இரண்டு எண்கள் எழுதுவார், ஒன்று கீழ் விலை, ஒன்று மேல் விலை. "ஒரே விலை சொல்றவன் விக்க வந்தவன். ரெண்டு விலை சொல்றவன்தான் மதிப்புப் போடறவன்" என்பார். எதற்கும் இரண்டு பதில் வைத்திருக்கும் எனக்கு அந்தத் தொழில் எவ்வளவு பொருந்தியிருக்கும் என்று பாருங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. காசு போலி என்றால் மேடம் வாய் ஓயாமல் பேசுவார். வெயில், மழை, ரயில் தாமதம் எல்லாம் வரும். காசு அசல் என்றால் ஒரு நிமிடம் பேச்சே வராது. பிறகு என் பக்கம் திரும்பி, மெல்ல, "டீ சொல்லு பேட்டி" என்பார். பேட்டி என்றால் அவர் மொழியில் மகள். அவ்வளவுதான். கீழே கடைக்காரர் டீ போடும்போதே, "மேல இன்னிக்கு நல்ல சரக்கு" என்று தெருவுக்கே தெரிந்துவிடும்.

இது வெளியே பரவியதில்தான் வேடிக்கை. சுண்ணாம்புக்குளத்திலிருந்து ஒருவர் ஒரு செப்புக்காசோடு வந்தார். டச்சுக் கம்பெனி முத்திரை போட்ட நல்ல காசு. ஆனால் வருவதற்கு முன் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று ஆக்கியிருந்தார். சேகரிப்பவர்களுக்கு வேண்டியது பல காலமாக ஏறிய அந்தக் கருமைதான். தேய்த்துவிட்டால் மதிப்பில் பெரும்பகுதி புளித்தண்ணீரோடு போய்விடும். மேடம் வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். வந்தவருக்குப் புரிந்துவிட்டது.

"இன்னாம்மா, டீ சொல்லலையே?"

"காசு அசல்தான் பாய். ஆனா நீங்க அதைக் குளிப்பாட்டிட்டீங்களே."

"அப்ப அரை டீயாவது சொல்லு!"

மேடத்துக்கு ஏலக்காய் புரையேறிவிட்டது. அன்றுமுதல் தேய்த்த அசல் காசுக்கு எங்கள் கடையில் அரை டீ. இன்னொருவர் பாட்டனார் காலத்து நூறு ரூபாய் நோட்டு பத்திரமாக இருக்க வேண்டுமென்று லேமினேஷன் செய்து கொண்டுவந்தார். பிரித்தால் நோட்டு போகும், பிரிக்காவிட்டால் விலை போகும். அவருக்கு முழு டீயே சொன்னோம், ஆறுதலுக்கு.

இனி அந்தக் காசுக்கு வருகிறேன்.

எங்கள் திட்டில் வீடுகள் குறைவு. ஒரு வழக்கம் உண்டு. பிறந்த குழந்தைக்குப் பெயர் வைக்கும் அன்று அதன் அரைஞாண் கயிற்றில் ஒரு சின்னக் காசு கட்டுவார்கள். ஊருக்கே ஒரே காசு. குழந்தை தானாக நடந்த பிறகுதான் அவிழ்ப்பார்கள், அவிழ்த்த கையோடு, அடுத்து பிறந்து காத்திருக்கும் குழந்தைக்குக் கட்டிவிடுவார்கள். அதன் பெயர் நடைக்காசு. காசில் ஓட்டை போட மாட்டார்கள். ஓட்டை போட்டால் காவல் அது வழியாக ஒழுகிவிடுமாம். அதனால் குழந்தையின் அப்பா வலை நூலால், வலை முடிச்சே போட்டு, காசைச் சுற்றி ஒரு குட்டிப் பை பின்னிவிடுவார். பழையது நைந்தால் அதன் மேலேயே புதியது. எல்லோரும் அதைப் பித்தளை என்றுதான் நினைத்திருந்தார்கள். நானும்தான்.

என் நாத்தனார் கஸ்தூரியின் மகன் அப்போது நடைக்காசு போட்டிருந்தான். அவனுக்கு ஒரு பெயர் உண்டு, ஆனால் ஊரில் எல்லோரும் ஆபீசர் என்றுதான் கூப்பிடுவார்கள். உட்கார்ந்த இடத்தைவிட்டு நகரமாட்டான். விரல் நீட்டினால் பொருள் அவனிடம் வரவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கஸ்தூரி அவனைக் குளிப்பாட்டும்போது நான் தண்ணீர் ஊற்றினேன். பழைய நூல் நனைந்து விலகியது. உள்ளே, சுண்டுவிரல் நகம் அளவில், குமிழ்ந்த ஒரு மஞ்சள் வட்டம். முழுக்க மணல் தூவியது போலப் புள்ளிகள்.

"வராகன்!" என்று கத்திவிட்டேன்.

"எங்க அண்ணி? எங்க?" என்று கஸ்தூரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். ஏதோ பாம்பின் பெயர் என்று நினைத்தாளோ என்னவோ.

வராகன் என்பது பழைய பொற்காசு. ஒரு பக்கம் சாமி உருவம், மறுபக்கம் புள்ளிகள். டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் அடித்ததும் உண்டு, அதே மாதிரி வேறு பலர் அடித்ததும் உண்டு. அடகுக்கடையில் எல்லாம் ஒன்று, தங்கத்தின் எடைக்கு விலை. சேகரிப்பவர்களுக்கு அப்படியில்லை. யார் அடித்தது என்பதில்தான் விலையே இருக்கிறது. அதைச் சொல்வதற்கு உருவத்தைப் பார்க்க வேண்டும், விளிம்பைப் பார்க்க வேண்டும், கட்டாயம் எடை பார்க்க வேண்டும்.

கஸ்தூரியின் கணவர் ஏழுமலை அண்ணன் இதைக் கேட்டதும் வலையைக் கீழே போட்டுவிட்டார். அவருக்கு ஒரே ஒரு நினைப்பு: எஞ்சின். கஸ்தூரிக்கு வலி எடுத்த அன்று வடகிழக்குக் காற்று எதிரே நின்றது. கழி ஊன்றித்தான் படகைத் தள்ள வேண்டும். கரை கண்ணுக்குத் தெரிகிறது, படகு நகரவில்லை. ஆபீசர் ஏரியிலேயே பிறந்துவிடுவான் என்று எல்லோரும் நினைத்தார்கள். கரையேறி ஆஸ்பத்திரி வாசலில் பிறந்தான். அதிலிருந்து ஊர்ப் படகுக்கு ஒரு எஞ்சின் வாங்க வேண்டும் என்று அண்ணன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார், ஒருவரிடமும் பணம் இல்லை.

"தங்கச்சி, அந்தக் காசு புள்ளைங்கள காப்பாத்துதுன்னு தானே கட்றோம்? எஞ்சினும் அதைத்தானே பண்ணும்?"

அவருடைய அக்கா தேசம்மா, நண்டு வியாபாரம் செய்பவர், வாசலிலிருந்தே பதில் சொன்னார். "எஞ்சினை இடுப்புல கட்டுவியாடா? காசு போனா அடுத்த புள்ளைக்கு இன்னாத்த கட்டுவ, ஸ்பேர் பார்ட்டா?"

இருவர் சொல்வதும் எனக்குச் சரியாகவே பட்டது. அதுதான் என் வியாதி.

மறுவாரம் எல்லோருமாகக் கடைக்குப் போனோம். படகு, பொன்னேரிக்கு பஸ், ரயில், பிறகு நடை. ஆபீசர் தவிர எல்லோரும் நடந்தோம். தேசம்மா அக்கா காவலுக்கு வருவதாகச் சொல்லி ஒரு கூடை நண்டையும் கூட எடுத்துவந்தார், போகிற இடத்தில் விற்றுவிடலாம் என்று.

காசைக் கழற்றக்கூடாது என்பதால் மேடத்தின் நீல வெல்வெட் தட்டில் ஆபீசரையே உட்காரவைத்தோம். ஜன்னல் வெளிச்சம் இடுப்பில் விழும்படி திருப்பினோம். மேடம் லென்ஸை எடுத்துக் குனிந்தார். அவன் லென்ஸைப் பிடுங்கினான். இன்னொரு லென்ஸ் எடுத்தார். அவன் இன்னொரு கையை நீட்டினான். இரண்டு கையிலும் லென்ஸ் வந்ததும் அமைதியாகி, வெல்வெட் தட்டை நனைத்தான். மேடம் அசையவில்லை. வலைப்பையின் கண்கள் வழியாக அந்தக் காசைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெயிலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"பேட்டி," என்றார். "டீ சொல்லு."

நான் படியில் இறங்கவில்லை, பறந்தேன்.

திரும்பி வந்தபோது வாக்குவாதம் முற்றியிருந்தது. தராசில் வைக்காமல் விலை எழுத மாட்டேன் என்று மேடம் சொல்லிவிட்டார். கயிறு நீளமில்லை. குழந்தையைத் தராசுக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் பிடித்துப் பார்த்தோம். தொப்பையும் சேர்ந்து தட்டில் இறங்கியது. ஏழுமலை அண்ணன், "கறிக்கடை தராசுல புள்ளையோட போட்டு, அப்பால புள்ளைய மட்டும் போட்டு கழிச்சா?" என்றார்.

"கழிக்கறதுக்கு காசைக் கழட்டணுமேடா, புத்திசாலி!" என்றார் தேசம்மா அக்கா.

மேடம் வாயைத் துடைத்துக்கொண்டு, "நம்பிக்கையை உடைச்சு நான் எடை போட மாட்டேன். பையன் நடக்கட்டும். அவிழ்க்கிற நேரத்திலே எடை போடுங்க. அவசரம் என்ன? இந்தக் காசு டச்சுக்காரனையே வழியனுப்பின காசு" என்றார். எங்கள் கைத்தராசை என்னிடம் கொடுத்தார். போகும்போது நண்டு வாங்கிக்கொண்டார்.

அதிலிருந்து எங்கள் திட்டில் நடந்ததை எழுதினால் பொய் என்பீர்கள். ஊர் இரண்டாகிவிட்டது. ஏழுமலை அண்ணன் கட்சி ஆபீசரை நடக்கவைக்கப் பாடுபட்டது. நடைவண்டி வந்தது, கேழ்வரகுக் கஞ்சி வந்தது, காலுக்கு எண்ணெய் வந்தது. தேசம்மா அக்கா கட்சி அவன் கால் தரையில் படாமல் பார்த்துக்கொண்டது. நண்டு விற்கப் போகும்போதுகூட அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்.

"இறக்கி வுடுக்கா, புள்ளைக்கு கால் மரத்துடும்."

"ஆபீசருங்க இன்னாடா நடந்தா போறாங்க? வண்டி வரும், குந்திக்கினு போவாங்க. நீ போய் வேலைய பாரு."

ஆபீசரோ இரண்டு கட்சியின் கஞ்சியையும் குடித்துவிட்டு உட்கார்ந்தே இருந்தான்.

நான் ஞாயிறுதோறும் தராசோடு காத்திருந்தேன். ஒருநாள் அவன் நடைவண்டியை விட்டுவிட்டு ஒரு காலை முன்னால் வைத்தான். அண்ணன், "நடந்துட்டான்!" என்று குதித்தார். அக்கா, "அது அடி இல்லடா, விழறதுக்கு முன்னால வர்ற தடுமாத்தம்" என்றார். ஊரே என்னைப் பார்த்தது. "நீ தானே மதிப்பு போடறவ, நீயே சொல்லு." காசுகளுக்குத் தரம் உண்டு: தேய்ந்தது, சுமார், நல்லது, மிக நல்லது என்று. நான் யோசித்து, "சுமாரான அடி" என்றேன். இரண்டு கட்சியும் என்னைத் திட்டின. மேடத்துக்குப் போன் செய்து கேட்டேன். "காசுக்குத்தான் நான் தரம் போடுவேன் பேட்டி, காலுக்கு இல்லை" என்று வைத்துவிட்டார்.

இதற்கிடையில் பக்கத்து வீட்டு ராணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. நடைக்காசுக்கு அடுத்த வாரிசு. அவளும் புது வலை நூலோடு ஆபீசர் எப்போது எழுந்திருப்பான் என்று காத்திருந்தாள். காத்திருப்பவர் கணக்கில் இப்போது மூன்று கட்சி.

அவனை நடக்கவைத்தது ஏழுமலை அண்ணன் இல்லை. தேசம்மா அக்காவின் நண்டு.

ஒரு ஞாயிறு காலை அக்கா நண்டுக் கூடையை முற்றத்தில் இறக்கி, ஆபீசரைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, யாரோடோ விலை பேசிக்கொண்டிருந்தார். பெரிய நண்டு ஒன்று கயிறு அவிழ்ந்து கூடையிலிருந்து இறங்கி, பக்கவாட்டில் நடந்து, ஆபீசரின் முன்னால் நின்று கொடுக்கை உயர்த்தியது. அவன் விரலை நீட்டினான். நண்டு வரவில்லை. அவன் வாழ்க்கையில் நீட்டிய விரலுக்கு எதுவும் வராமல் போனது அதுதான் முதல்முறை. முகம் சிவந்தது. கையை ஊன்றி எழுந்தான். நண்டு நகர்ந்தது, அவனும் நகர்ந்தான். நண்டு பக்கவாட்டில் போக, இவனும் அதைப் பார்த்தே பக்கவாட்டில் கால் வைத்துப் போனான். முற்றம் தாண்டி, துடுப்புக் குவியல் தாண்டி, நண்டு தண்ணீருக்குள் போகும்வரை போனான். பிறகு திரும்பி நின்று, என்ன பார்க்கிறீர்கள் என்பது போல எங்களைப் பார்த்தான்.

தேசம்மா அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். "துரோகி" என்றார். நண்டைச் சொன்னாரா, ஆபீசரையா என்று தெரியவில்லை. ஆனால் கண் கலங்கியிருந்தது. ஓடிப்போய் அவனை அள்ளி முத்தமிட்டார்.

கயிற்றை அவிழ்த்தார்கள். எனக்குக் கிடைத்த நேரம் மிகக் குறைவு. ஏரிக்காற்றில் தராசு ஆடியது. கஸ்தூரியும் ராணியும் புடவைத் தலைப்பைச் சுற்றிப் பிடித்துக் காற்றை மறைத்தார்கள். கையை இருமுறை கழுவினேன். விளிம்பு சேதமில்லை. ஓட்டை இல்லை. உருவம் தெளிவாக இருந்தது. குழந்தைகளின் எண்ணெயும் வலை நூலும் அதை ஒரு பெட்டி போலக் காத்திருந்தன. தராசு நின்றது. எடையை மீண்டும் பார்த்தேன். பிறகு நம்பிக்கையில்லாமல் இன்னொரு தடவை. போனை ஒலிபெருக்கியில் போட்டு மேடத்திடம் எடையையும் விளிம்பையும் உருவத்தின் அடையாளங்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"பேட்டி," என்று போன் பேசியது. "டீ சொல்லு."

கத்தல் பழவேற்காடு வரை கேட்டிருக்கும்.

மேடம் சொன்ன இரண்டு எண்களை நான் இங்கே எழுதமாட்டேன். எழுதினால் வாங்குகிறவர்கள் நாளைக்கே படகு ஏறுவார்கள். கீழ் விலைக்கு எஞ்சின் வரும். மேல் விலைக்கு எஞ்சினோடு படகும் வரும். அதைச் சொன்னதும் ஏழுமலை அண்ணன் காசை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார். ராணி புது நூலை நீட்டியபடி நின்றாள். அவள் தோளில் குழந்தை அழுதது.

மேடம் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். "இன்னொரு விஷயம். யார் யார் இடுப்பிலே இருந்ததுன்னு சொல்ல முடிஞ்ச காசுக்கு எப்பவும் மவுசு அதிகம். வெறும் காசு நிறையப் பேர்கிட்ட இருக்கு. இப்படி ஒரு ஊர் சேர்ந்து வளர்த்த காசு யார்கிட்டேயும் இல்லை."

அண்ணன் போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். "அப்ப இன்னும் ஒரு புள்ள போட்டா வெலை ஏறுமாம்மா?"

"குறையாது. ஓட்டை போடாம இருந்தா சரி."

அவர் காசைப் பார்த்தார். ராணியின் குழந்தையைப் பார்த்தார். எனக்குத் தெரியும், அவர் கணக்குப் போடவில்லை. கணக்குப் போடுகிறவரைப் போல முகத்தை வைத்துக்கொள்ள ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்தார். "அப்ப இப்ப வித்தா நமக்குத்தான் நட்டம்" என்றார் உரக்க. "கட்டு ராணி. ஒரு புள்ள கழிச்சி பாத்துக்கலாம்."

தேசம்மா அக்கா காதிலிருந்த கம்மலைத் திருகிக் கழற்றி, தம்பியின் காலியான உள்ளங்கையில் வைத்தார். "இந்தா. எஞ்சினுக்கு. இது பவுனு, நான் நண்டு வித்து வாங்கினது. இதுக்கு டீ சொல்ல வேணாம்."

அதன்பிறகு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஏதாவது வந்தது. எஞ்சின் பழையதுதான், ஏரியில் ஓடும்போது இருமும். ஆனால் ஓடும். என் மகள் பிறப்பதற்கு நான் அதில்தான் கரைக்குப் போனேன். வழியெல்லாம், காசை விற்றிருந்தால் புது எஞ்சின் வந்திருக்குமே, இது நடுவில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பக்கமும், விற்றிருந்தால் என் குழந்தைக்கு என்ன கட்டுவது என்று இன்னொரு பக்கமும் யோசித்தேன். அந்த நிலையிலும் இரண்டு எண்கள்! தேசம்மா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கரை வந்துச்சி, யோசிக்கிறத நிறுத்து" என்றார்.

ராணியின் மகள் நடந்ததும் நடைக்காசு என் மகளுக்கு வந்தது. "இன்னும் ஒரு புள்ள கழிச்சி" என்று அண்ணன் அப்போதும் சொன்னார். இனியும் சொல்வார் என்று நினைக்கிறேன். என் கணவர் மீன்பிடித்துத் திரும்பிய களைப்பிலும் உட்கார்ந்து வலைப்பை பின்னினார். நான் முடிச்சுகளை இழுத்து இழுத்துப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை, அதுவே பெரிய விஷயம்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன்.

முந்தாநாள் வீட்டில் நானும் மகளும் மட்டும் இருந்தோம். அவள் தண்ணீர்க் குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரிக்கும்போது கையை எடுத்துவிட்டாள். பிறகு வந்தாள். எத்தனை அடி என்று நான் எண்ணவில்லை, எண்ண முடியவில்லை. கடைசியில் விழுந்தாளா, என் மடியில் உட்கார்ந்தாளா என்பதும் சரியாகத் தெரியவில்லை. ஆபீசருக்கு நண்டு இருந்ததால் வழக்கு இல்லாமல் தீர்ந்தது. இதைப் பார்த்தது நான் ஒருத்திதான்.

எதிர்வீட்டில் ஒரு பையன் பிறந்து பெயரும் வைத்தாகிவிட்டது. அவன் அம்மா தினமும் தண்ணீர் எடுக்கும்போது, "நடந்துச்சா அக்கா?" என்று கேட்கிறாள். நேற்றும் கேட்டாள். "இன்னிக்கு இல்லம்மா" என்றேன். அது பொய்யில்லை, நேற்று நடக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளையும் பச்சைப்பிள்ளை, அதற்கும் காவல் வேண்டும். என் மகளுக்கோ இரவில் லேசாக இருமல் இருக்கிறது. இன்னும் ஒரு வாரம் இருக்கட்டுமே என்று மனம் சொல்கிறது. பழங்காசின் மதிப்பை இரண்டு எண்ணுக்குள் சொல்லத் தெரிந்த எனக்கு, அவள் அடிக்கு என்ன தரம் போடுவது என்று தெரியவில்லை.

தெரியவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அவள் வந்து என் மடியில் சேர்ந்ததும், கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சே வரவில்லை. பிறகு எழுந்து போய், என்னையறியாமல், அடுப்பில் டீ வைத்திருக்கிறேன். டம்ளரோடு வாசலில் நின்றபோது தேசம்மா அக்கா கூடையோடு போனவர் நின்று திரும்பிப் பார்த்தார்.

"இன்னாடி, இந்நேரத்துல டீ? இன்னா சரக்கு வந்துச்சி?"

"சும்மா அக்கா" என்றேன். அவர் நம்பவில்லை. மறுபடி வந்து கேட்பார்.

பிள்ளை வளர்த்த வாசகர்களே, சொல்லுங்கள்: தாய் ஒருத்தி மட்டும் பார்த்த அடி சேருமா, சேராதா? குடத்தை விட்டது அவளுக்கே தெரியாது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாமா? சீக்கிரம் எழுதினால் நல்லது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவள் மறுபடியும் குடத்துப் பக்கம் போய் நிற்கிறாள்.